வெண்ணெய்ப்பழம்: அவகாடோவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அவகாடோவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும்: பட்டர் ஃப்ரூட், ஆனைக்கொய்யா, வெண்ணெய்ப்பழம். நான் மூன்றாவதைத்தான் எழுதுகிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன், அவகாடோ என்ற சொல் வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் இந்தப் பழத்துக்கு 'ஆவகட்ல்' என்று பெயர். கடைசியில் வரும் 'ட்ல்' அவர்களுக்கு ஒரே ஒலி. ஸ்பானியர் வாயில் அது நிற்கவில்லை, 'அகுவகாத்தே' ஆனது. பிறகு அதுவும், வழக்கறிஞரைக் குறித்த ஒரு பழைய ஸ்பானியச் சொல்லோடு கலந்து 'அவகாடோ' என்று திரிந்தது. பிரெஞ்சில் இன்றும் பழத்துக்கும் வழக்கறிஞருக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலேயரில் சிலர் காதில் விழுந்ததை 'அலிகேட்டர்' ஆக்கி, முதலைப் பேரிக்காய் என்றே அழைத்தார்கள். ஆவகட்ல் என்றால் ஆணின் விந்தகம் என்றுதான் பொருள் என இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. உண்மையில் அது பழத்தின் பெயர். உறுப்புக்கு அதைச் சொன்னது பேச்சுவழக்கு.

ஆக, அவகாடோ என்ற சொல்லுக்குள் பழத்தைப் பற்றிய செய்தி எதுவும் மிஞ்சவில்லை. அதை மொழிபெயர்க்க வழியில்லை. பழத்தைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

ஆனைக்கொய்யா அப்படிப் பார்த்து வைத்த பெயர்தான். பெரிதாக இருக்கும் செடி கொடிக்கு 'ஆனை' சேர்ப்பது நம் வழக்கம். ஆனைநெருஞ்சி, ஆனைக்கற்றாழை என்று எத்தனையோ இருக்கின்றன. எனக்கும் அந்தச் சொல்லின் ஓசை பிடிக்கும். ஆனால் கொய்யா நாவல் மரத்தின் குடும்பம். அவகாடோ லவங்கப்பட்டை மரத்தின் குடும்பம். மெக்சிகோ வகை மரத்தின் இலையைக் கசக்கினால் சோம்பு மணம் வரும். உள்ளேயும் ஒற்றுமை கிடையாது. கொய்யாவை அறுத்தால் சதை முழுக்கப் பொடி விதைகள். அவகாடோவை நீளவாக்கில் அறுத்து இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால், நடுவில் ஒரே ஒரு கொட்டை, காகிதம்போல் மெலிந்த பழுப்புத் தோலோடு உட்கார்ந்திருக்கும். தாவரவியல்படி இது ஒற்றை விதையுள்ள சதைக்கனி.

வெண்ணெய்ப்பழம் என்பது பட்டர் ஃப்ரூட்டின் வெறும் மொழிபெயர்ப்புதானே என்று சிலர் ஒதுக்குவார்கள். மொழிபெயர்ப்பாகவே இருக்கட்டும். பழுக்கும்போது மற்றப் பழங்களில் சர்க்கரை சேரும். இதில் சர்க்கரை மிகக் குறைவு, கொழுப்புதான் நிறைய. ஹாஸ் ரகத்தின் சதையில் சுமார் 15 சதவீதம் கொழுப்பு. காய் மரத்தில் தொங்கும் வரை கல்லாக இருக்கும், எத்தனை மாதம் விட்டாலும் அங்கே பழுக்காது. பறித்த பிறகுதான் இளகும். அப்புறம் எப்போது பறிப்பது? கலிபோர்னியாவில் முன்பு 8 சதவீத எண்ணெயாவது ஏறியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். எண்ணெயை அளப்பது கடினம் என்பதால், அதோடு சேர்ந்தே கூடும் உலர்பொருளை, அதாவது சதையின் நீரை நீக்கிய பின் மிஞ்சுவதை, இப்போது அளக்கிறார்கள். விவசாயி காயில் தேடுவதே அந்த வெண்ணெயைத்தான். இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் எங்கே கிடைக்கும்?

குணத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது தமிழுக்குப் புதிதும் அல்ல. வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெண்மையான காயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் வெண்கலம் போல 'வெண்காயம்' என்றல்லவா நின்றிருக்கும்? வெம்மை சேரும்போதுதான் வெங்கதிர் போல 'வெங்' வரும். காயம் என்பது பெருங்காயத்தில் இருக்கும் அதே காயம், கார மணமுள்ள பொருள். வெட்டியதும் கண்ணைக் கரிக்கும் கந்தகச் சேர்மத்தின் வேலையை அந்த 'வெம்' சொல்லிவிடுகிறது. வெண்ணெயில் உள்ளதோ 'வெண்': வெண்மையான நெய்.

பெயரில் வராத ஒரு செய்தியையும் சொல்லாமல் விட மனமில்லை. இந்த மரத்தின் ஒவ்வொரு பூவும் இரண்டு முறை விரியும். முதல் முறை பெண்ணாக விரிந்து மூடும். மறுநாள் ஆணாக விரிந்து மகரந்தம் தரும். 'ஏ' வகை மரங்களில் பெண் நிலை காலையில், ஆண் நிலை மறுநாள் பிற்பகலில். 'பி' வகையில் பெண் நிலை பிற்பகலில், ஆண் நிலை மறுநாள் காலையில். இரண்டு வகையும் பக்கத்தில் நின்றால் காய்ப்பு கூடும். ஹாஸ் 'ஏ' வகை, ஃபுயெர்ட்டே 'பி' வகை.

ரகப் பெயர்களை மட்டும் மாற்ற வேண்டாம். ஹாஸ் என்பது 1926-இல் கலிபோர்னியாவில் அந்த விதையை நட்டவரின் பெயர். விதை தாயைப் போல வராது என்பதால், உலகிலுள்ள ஹாஸ் மரங்கள் எல்லாம் அந்த ஒரு மரத்திலிருந்து வந்த ஒட்டுகளே. எனவே ஹாஸ் வெண்ணெய்ப்பழம் என்று எழுதலாம். நடுவே 'ப்' மிகும், சேர்த்து எழுதுங்கள்.