ஒரு சொல்லுக்கு அறுபது மீட்டர்

லண்டன் நகருக்குள்ளேயே, பழைய கப்பல்துறைகளின் தண்ணீருக்கு நடுவே ஒரு விமான நிலையம் இருக்கிறது. பெயர் லண்டன் சிட்டி, 1987-ல் திறந்தது. அதன் ஓடுபாதை 1,508 மீட்டர். பெரிய நிலையங்களில் மூன்று, மூன்றரை கிலோமீட்டருக்குப் பாதை போட்டிருப்பார்கள். இங்கே அதில் பாதிதான். சிறிய ரக ஜெட் ஒன்று 120 நாட் வேகத்தில் சக்கரம் பதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 62 மீட்டர். காக்பிட்டில் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அவ்வளவு பாதை பின்னால் போய்விடும். குட்டை ஓடுபாதையில் விமானிகள் என்ன பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

உயரத்தில் பறக்கும்போது அவர்கள் பேசாத விஷயம் கிடையாது. டூட்டி அட்டவணை, ஹோட்டல் சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, ஒருவரையொருவர் கேலி செய்வது எல்லாம் உண்டு. தூக்கம் வராமல் காப்பதற்கு மட்டும் அல்ல, அனுபவம் குறைந்த துணை விமானிக்குக் கேப்டனிடம் வாய் திறக்கும் கூச்சம் போவதற்கும் அந்த அரட்டை உதவுகிறது. ஆனால் 10,000 அடிக்குக் கீழே வந்ததும் அது நின்றுவிட வேண்டும். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஒரு டிசி-9 விமானம் மூடுபனியில் ஓடுபாதையை எட்டும் முன்பே தரையில் மோதியது. ஒலிப்பதிவைக் கேட்டபோது, இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலிலிருந்து பழைய கார்கள் வரை பேசிக்கொண்டு வந்தது தெரிந்தது. உயரத்தைக் கவனிக்க வேண்டிய இரண்டு பேரின் கவனமும் பேச்சில் இருந்தது. 1981-ல் அமெரிக்கா இதை விதியாகவே ஆக்கியது: 10,000 அடிக்குக் கீழே வேலைக்குத் தேவையில்லாத பேச்சு கூடாது.

அதற்குப் பிறகு காக்பிட்டில் கேட்பவை சின்னச் சின்ன அறிவிப்புகள்தான். ஒவ்வொன்றும் ஓர் அளவைச் சொல்கிறது.

வழக்கமாக விமானங்கள் 3 டிகிரி சரிவில் இறங்கும். லண்டன் சிட்டியில் 5.5 டிகிரி. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் இருப்பதும், ஊருக்குள் சத்தத்தைக் குறைக்க வேண்டியிருப்பதும் இதற்குக் காரணங்கள். ஓடுபாதைக்கும் இதில் லாபம் உண்டு. பாதையின் முனையை 50 அடி உயரத்தில் கடந்தால், 3 டிகிரிக் கோடு தரையைத் தொடுவது சுமார் 290 மீட்டர் தள்ளி; 5.5 டிகிரிக் கோடு 160 மீட்டரிலேயே தொட்டுவிடும். 130 மீட்டர் மிச்சம். விலை என்னவென்றால், அதே 120 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 640 அடி இறங்க வேண்டிய விமானம் 1,170 அடி இறங்குகிறது. மலைச்சரிவில் கார் வேகம் பிடிப்பதுபோல விமானமும் வேகம் பிடிக்கப் பார்க்கும். ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ318 விமானத்தில் இதற்கென்றே ஒரு பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தி இறங்கினால் இறக்கை மேலிருக்கும் ஸ்பாய்லர் தகடுகள் ஓரளவு நிமிர்ந்து காற்றைத் தடுத்து, வேகம் ஏறாமல் பிடித்துக்கொள்ளும்.

கடைசி ஐம்பது அடியில் பேசுவது இயந்திரக் குரல்: ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது. விமானிகள் இதில் எண்ணைவிட எண்களுக்கு இடையிலுள்ள தாளத்தைத்தான் கேட்கிறார்கள். 3 டிகிரியில் பத்து அடி இறங்க ஏறத்தாழ ஒரு நொடி, 5.5 டிகிரியில் அரை நொடி. மூக்கை உயர்த்தத் தொடங்கியதும் தாளம் மெதுவாக வேண்டும். மெதுவாகாவிட்டால் தரையில் அடி பலமாக விழும். மிகவும் இழுத்துப்போனால் விமானம் மிதக்கிறது என்று பொருள். மூன்று நொடி மிதந்தால் சுமார் 190 மீட்டர் போச்சு; சரிவை ஏற்றி மிச்சம் பிடித்த 130 மீட்டரும் அதோடு போய்விடும். இருபது அடியில் ஏர்பஸ் குரல் 'ரிடார்ட்' என்கிறது. எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரைப் பின்னால் இழு என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அதே சொல் வசவும் ஆகும் என்பதால், 'ஒவ்வொரு முறை இறங்கும்போதும் விமானம் நம்மைத் திட்டுகிறது' என்பது ஏர்பஸ் விமானிகளிடையே பல காலமாகச் சுற்றும் கேலி.

சக்கரம் பட்டதும் இரு விமானிகளில் அப்போது விமானத்தை ஓட்டாதவர் வரிசையாகச் சொல்வார்: ஸ்பாய்லர் நிமிர்ந்தது, ரிவர்ஸ் திறந்தது, டீசெல். ரிவர்ஸ் என்பது எஞ்சினின் உந்துதலை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. தரையைத் தொட்ட பிறகும் இறக்கை விமானத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கும். ஸ்பாய்லர் எழுந்து அந்தத் தூக்கலைக் கெடுத்தால்தான் எடை முழுதும் சக்கரத்துக்கு வரும். எடை வந்தால்தான் பிரேக் பிடிக்கும். 'டீசெல்' என்பது 'டீசெலரேஷன்', அதாவது வேகக் குறைப்பு என்பதன் சுருக்கம்; கேட்ட அளவில் வேகம் குறைகிறதா என்பதற்கான பதில். ஏர்பஸ் தானியங்கி பிரேக்கில் 'லோ' என்ற நிலை நொடிக்கு நொடி 1.7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும். 'மீடியம்' 3 மீட்டர். 62 மீட்டர் வேகத்திலிருந்து நிற்க லோவுக்கு 1,130 மீட்டர், மீடியத்துக்கு 640 மீட்டர் வேண்டும். அதற்கு மேல், லோ வேலை தொடங்க நான்கு நொடி, மீடியத்துக்கு இரண்டு நொடி. முனையிலிருந்து 300 மீட்டரில் சக்கரம் பட்டதாக வைத்துக் கூட்டிப் பார்த்தால் லோவில் 1,680 மீட்டரைத் தொடும். லண்டன் சிட்டியில் அவ்வளவு பாதையே இல்லை.

ரிவர்ஸ் திறந்ததா என்று வாய்விட்டுச் சொல்வது சடங்கு மாதிரித் தோன்றலாம். 2005 டிசம்பரில் சிகாகோ மிட்வேயில் பனி கொட்டிய இரவில் இறங்கிய போயிங் 737 விமானம் ஒன்றில், சக்கரம் பட்டு ரிவர்ஸ் முழுதாகத் திறக்க 18 நொடி ஆனது. விமானம் வேலியை உடைத்துச் சாலைக்குப் போய்விட்டது. காரில் இருந்த ஒரு சிறுவன் இறந்தான்.

மழைப் பாதையில் பூப்போலத் தரையிறக்கினால் பயணிகள் பாராட்டுவார்கள், ஆனால் டயருக்கும் பாதைக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் அப்படியே தங்கிவிடும். சற்று அழுத்திப் பதித்தால்தான் படலம் உடைந்து சக்கரம் சுழலத் தொடங்கும். குட்டை ஓடுபாதையில் 'தடக்' என்று இறங்கினால், பெரும்பாலும் அது வேண்டுமென்றே செய்த நல்ல வேலை. விதிகளும் இதற்கு இடம் விட்டே எழுதப்பட்டுள்ளன. ஜெட் விமானம் புறப்படும் முன்பே, போய் இறங்கும் பாதையின் 60 சதவீதத்துக்குள் நின்றுவிடும் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஈரமென்றால் இன்னும் 15 சதவீதம் சேர்க்க வேண்டும். 1,500 மீட்டர் முழுதாகக் கிடைத்தாலும் கணக்கில் வருவது காய்ந்த நாளில் 900 மீட்டர், மழை நாளில் 780 சொச்சம்.

புறப்படும்போது முக்கியமான அறிவிப்பு 'வி-1'. அதற்கு முன் எஞ்சின் கெட்டால் நிறுத்தலாம்; அதற்குப் பின் மிச்சப் பாதையில் நிற்க முடியாது, ஒற்றை எஞ்சினோடு எழும்பியே ஆக வேண்டும். அந்தச் சொல் கேட்டதும் கேப்டன் த்ரஸ்ட் லீவரிலிருந்து கையை எடுத்துவிடுவார், பழக்கதோஷத்தில் இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. நிற்பதும் எழும்புவதும் இரண்டுமே பாதைக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எடையைத்தான் குறைக்க வேண்டும். 2009-ல் லண்டன் சிட்டியிலிருந்து நியூயார்க்குக்கு ஏ318 சேவை தொடங்கியது. இருக்கை 32 மட்டுமே. அப்படியும் அட்லாண்டிக்கைத் தாண்டும் எரிபொருளோடு அந்தப் பாதையில் எழும்ப முடியாது. அயர்லாந்தின் ஷானனில் இறங்கி டாங்கை நிரப்பிக்கொண்டுதான் போனது. திரும்பி வரும்போது இந்தச் சிக்கல் இல்லை. எரிபொருள் தீர்ந்து லேசாகிவிடும் என்பதால் நேரே வந்து இறங்கியது. காற்றும் இதில் கணக்கு. எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்குப் பின்காற்று வீசினால் ஓட்டம் சுமார் 21 சதவீதம் நீளும், ஏனென்றால் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது.

நீளமான பாதையையும் குட்டையாக்கிவிட முடியும். 2010 மே 22 அன்று மங்களூரில் 2,450 மீட்டர் பாதையில், அளவுக்கு மீறிய உயரத்தில் வந்த 737 விமானம் முனையிலிருந்து 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் பதித்தது. முன்னால் மிச்சமிருந்தது 860 மீட்டர் அளவுதான். அதற்குள் துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' என்று சொல்லியிருந்தார். இறங்காமல் மேலே எழும்பிச் சுற்றி வா என்று அர்த்தம். 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், மழையில், பின்காற்றோடு வந்த இன்னொரு 737 பாதையில் பாதியைத் தாண்டித் தொட்டது. அங்கும் துணை விமானி 'கோ அரவுண்ட்' சொன்னார், விமானம் எழும்பவில்லை. அவரே கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளாததையும் விசாரணை அறிக்கை பிழையாகவே குறிப்பிடுகிறது.

அந்தச் சொல்லுக்குக் காலாவதி நேரம் உண்டு. ரிவர்ஸ் லீவரை இழுக்கும் வரைதான் அது செல்லும். இழுத்த பிறகு ஸ்பாய்லர் எழுந்து, எஞ்சின் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அதை மடக்கி மறுபடி முழு சக்திக்குக் கொண்டுவர ஆகும் நொடிகளுக்குப் பாதை மிச்சம் இருக்காது. மங்களூரில் கேப்டன் ரிவர்ஸைத் திறந்து, பிரேக் பிடித்து, அதன் பிறகுதான் மீண்டும் எழும்ப முயன்றார்.