சொல் விளக்கம்: சொடுக்கி

மின்சுற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் கருவி இது. மொரீஷியஸில் பேச்சில் 'ஸ்விட்ச்', பிரெஞ்சுப் பொட்டலத்தில் 'எந்தெருப்தர்'. பிரெஞ்சுச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'இடையில் முறிப்பது' என்று பொருள். ஆங்கில 'ஸ்விட்ச்' 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெல்லிய குச்சியை, குதிரைச் சாட்டையைக் குறித்தது. ரயில் பாதை மாற்றும் கருவிக்கும் மின்சாரத்துக்கும் பின்னால்தான் வந்தது. தமிழிலும் சாட்டையைச் சொடுக்குகிறோம், விரலில் சொடக்குப் போடுகிறோம். 'சொடுக்கி' அவ்வளவு இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது.

இலங்கைப் பாடநூல்களில் 'ஆளி'. தமிழகத்துச் 'சாவி' போர்த்துக்கேய வரவு. 'விசை' ரோபோ வேலைக்கு ஆகாது: 'விசையை எவ்வளவு விசையோடு அழுத்துவது?' என்று கேட்க நேரும்.

சுவரில் மோதியதை அறிய ரோபோவின் முகப்பில் மாட்டும் சிறு சொடுக்கியான மைக்ரோ ஸ்விட்சுக்குள் ஒரு வில்தகடு சட்டென்று மறுபக்கம் தாவும். 'டிக்' ஒலி அதுதான். அதற்கு மூன்று கால்கள். 'சி' பொது. 'என்ஓ' இயல்பில் திறந்தது, 'என்சி' இயல்பில் மூடியது. பிரெஞ்சு வரைபடத்தில் பின்னது 'என்எஃப்' என்றிருக்கும், இரண்டும் ஒன்றே. இந்தப் பெயர்களில் நம்மவர் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு: குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடும், மின்சுற்றைத் திறந்தால் ஓட்டம் நின்றுவிடும். 'அழுத்தினால் சேர்வது', 'அழுத்தினால் பிரிவது' என்று எழுதி ஒட்டுவது நல்லது.

மின்கலத்தைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரைப் பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வையுங்கள். அழுத்தாதபோது சி–என்சி ஒலிக்க வேண்டும். அழுத்தினால் அது நின்று சி–என்ஓ ஒலிக்க வேண்டும். பிறகு ரோபோவை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோவில், சி-யைக் கிரவுண்டுக்கும் (0 வோல்ட் முனை) என்சி-யை 2-ஆம் பின்னுக்கும் (இணைப்பு முனை) இணைத்து, நிரலில் 'இன்புட் புல்லப்' கொடுங்கள்: பலகைக்குள் இருக்கும் தடை ஒன்று அந்தப் பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துவைக்கும். அது இல்லாவிட்டால், அழுத்தியபோது அந்தப் பின் அந்தரத்தில் தொங்கி 0, 1 என்று மனம்போல் காட்டும். சும்மா இருக்கையில் 0, மோதினால் 1. வயர் அறுந்தாலும் 1 வரும், ரோபோ நின்றுவிடும். என்ஓ-வில் அறுந்தால் சுவரை முட்டிக்கொண்டே இருக்கும்.

ஆர்டுயினோ வகைகளில் ஒன்றான ஊனோவின் உள் புல்லப் தடை 20 முதல் 50 கிலோ ஓம். அதில் ஓடும் சொற்ப மின்னோட்டம், கடற்காற்றில் கறுத்த வெள்ளித் தொடுமுனையைத் தாண்டாமல் போகலாம். பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் தடை போட்டால் 5 மில்லிஆம்பியர் ஓடும். மோட்டாரால் வயரில் ஏறும் மின் இரைச்சலும் அடங்கும்.

ஒரு மோதலை நான்காக எண்ணினால் அது 'பவுன்ஸ்', தமிழில் துள்ளல்: தகடு நிலைகொள்ளுமுன் சில மில்லிநொடி துள்ளுகிறது. முதல் மாற்றம் தெரிந்ததும் 20 மில்லிநொடி பொறுத்து மறுபடி படியுங்கள்.