அப்போஸ்தலர்: சொல்லும் பதவியும்

அப்போஸ்தலர் என்றதும் தமிழ் வாசகருக்கு பேதுருவும் யோவானும் தோமாவும்தான் நினைவுக்கு வருவார்கள். இயேசுவோடு கூடவே இருந்தவர்கள், முதல் நூற்றாண்டோடு முடிந்துபோனவர்கள். ஆனால் இந்தச் சொல் இன்றும் ஒரு பதவியின் பெயராக வழங்கி வருகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், அதாவது பலரும் மார்மன் சபை என்று அழைக்கும் சபையில், உச்சியில் இருக்கும் தலைவர்கள் அப்போஸ்தலர்களே. இவர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'பிஷப்', 'பேராயர்' என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதினால் ஆளே மாறிவிடுவார்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'அப்போ' என்றால் இங்கிருந்து அப்பால். 'ஸ்தெல்லோ' என்றால் அனுப்புதல். இரண்டும் சேர்ந்த 'அப்போஸ்தொலோஸ்' ஒரு வேலையாக அனுப்பி வைக்கப்பட்டவரைக் குறிக்கும். கிறிஸ்தவம் தோன்றுவதற்கு முன்பே இந்தச் சொல் கிரேக்கத்தில் இருந்தது. கப்பற்படையை அனுப்புவதையும் அது குறித்தது. சீடரும் அப்போஸ்தலரும் ஒன்றல்ல என்பதும் இங்கிருந்தே விளங்கும். சீடர் அருகில் இருந்து கற்பவர். அப்போஸ்தலர் கற்றதை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவர்.

மற்ற மொழிகளும் இதே பொருளைப் பிடித்துக்கொண்டன. சிரியாக் மொழியில் 'ஸ்லீஹா' என்றால் அனுப்பப்பட்டவர். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் தோமாவை இன்றும் தோமா ஸ்லீஹா என்றுதான் சொல்கிறார்கள். அரபியில் 'ரசூல்' என்ற சொல்லுக்கும் பொருள் இதேதான். தமிழ் முஸ்லிம்கள் அதை இறைத்தூதர் என்று எழுதுகிறார்கள்.

சரி, முதல் பன்னிருவரோடு முடிந்த பதவி மார்மன் சபையில் எப்படி வந்தது? கத்தோலிக்கர் பார்வையில், அப்போஸ்தலர்களின் வாரிசுகள் ஆயர்கள். அதிகாரம் ஆயரிலிருந்து ஆயருக்கு அறுபடாமல் வருகிறது. மார்மன் நம்பிக்கை வேறு. முதல் அப்போஸ்தலர்கள் இறந்தபின் அந்த அதிகாரம் பூமியிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது, சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வழியாக அது மீட்டுத் தரப்பட்டது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே வாரிசுப் பதவி போதாது, அதே பதவி அதே பெயரோடு வேண்டும். 1835 பிப்ரவரி 14 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லாண்டில் இந்தச் சபையின் முதல் பன்னிரு அப்போஸ்தலர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான பிரிகாம் யங் தச்சு வேலையும் வண்ணம் பூசும் வேலையும் செய்துவந்தவர். 1844இல் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டபின் சபையின் பெரும்பகுதியை யூட்டாவுக்கு நடத்திச் சென்றவர் அவர்தான்.

ஒரு தச்சர் அப்போஸ்தலர் ஆனது இந்தச் சபையில் விதிவிலக்கு அல்ல. குருமடத்தில் படித்துப் படிப்படியாக உயர்ந்து எட்டும் பதவி அல்ல இது. வேறொரு தொழிலில் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு நடுவயதில் அழைப்பு வருகிறது. அவர்கள் அந்தத் தொழிலை விட்டுவிட்டு, சாகும்வரை முழுநேரமாக இதைச் செய்கிறார்கள். என் பார்வையில், அனுப்பப்பட்டவர் என்ற மூலப்பொருள் இவர்களின் வாழ்க்கையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

ரசல் நெல்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் பிறந்தவர். பெற்றோர் சபைக்கு ஒழுங்காகப் போகிறவர்கள் அல்லர். அவரே பதினாறு வயதில்தான் ஞானஸ்நானம் பெற்றார். இருபத்திரண்டு வயதில் மருத்துவப் பட்டம். மின்னசோட்டாவில் இதய-நுரையீரல் இயந்திரத்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவில் பணியாற்றினார். 1955இல் யூட்டாவில் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சையைச் செய்தவர் அவர். 1972இல் ஸ்பென்சர் கிம்பல் என்ற மூத்த அப்போஸ்தலருக்கு இதய அறுவை சிகிச்சை செய்தார். பிழைத்து எழுந்த கிம்பல் மறு ஆண்டே சபையின் தலைவரானார். அவர் தலைமையில்தான் 1984இல் நெல்சனுக்கு அழைப்பு வந்தது. தன் இதயத்தைத் திறந்து தைத்தவரை நோயாளியே அப்போஸ்தலராக அழைத்த இந்த நிகழ்ச்சி அந்தச் சபையின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த ஒன்று.

அதே 1984 ஏப்ரலில் அழைக்கப்பட்ட இன்னொருவர் டாலின் ஓக்ஸ். ஏழு வயதில் தந்தையைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். கணவரை இழந்த தாய்தான் வளர்த்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரனிடம் சட்ட எழுத்தராக இருந்தார். பிரிகாம் யங் பல்கலைக்கழகத் தலைவராகவும் பணியாற்றினார். அழைப்பு வந்தபோது யூட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி.

இந்த இருவரில் யார் மூத்தவர் என்ற கேள்வியில்தான் இந்தப் பதவி எப்படி நடக்கிறது என்பது தெரியும். வயது கணக்கில் இல்லை. அப்போஸ்தலராக நியமனம் பெற்ற வரிசைதான் கணக்கு. நெல்சன் 1984 ஏப்ரல் 12 அன்று நியமனம் பெற்றார். ஓக்ஸ் நீதிமன்ற வேலையை முடித்துவிட்டு வந்து மே 3 அன்று பெற்றார். சபைத் தலைவர் இறந்தால் தேர்தலோ போட்டியோ கிடையாது. அவருடைய தலைமைக் குழு அன்றே கலைந்துவிடும். எஞ்சியவர்களில் மூத்த அப்போஸ்தலர் அடுத்த தலைவர் ஆவதுதான் வழக்கம். 2018இல் நெல்சன் அப்படித்தான் தலைவரானார். 2025 செப்டம்பர் 27 அன்று, 101 வயதில் அவர் இறந்தபோது, அடுத்த மாதம் ஓக்ஸ் தலைவரானார். 1984இல் மூன்று வாரம் முந்தியது யார் என்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வரிசையைத் தீர்மானித்தது.

நீண்ட காலம் இந்தப் பன்னிருவரில் பெரும்பாலோர் யூட்டாவையும் அதைச் சுற்றிய மேற்கு மாநிலங்களையும் சேர்ந்த வெள்ளை அமெரிக்கர்களே. ஆப்பிரிக்க வழிவந்த ஆண்களுக்குக் குருத்துவம் 1978 வரை மறுக்கப்பட்டது. பெண்களுக்கு அது இன்றும் இல்லை, ஆகவே அப்போஸ்தலர் பதவியும் இல்லை. இந்த வட்டம் மெல்லத்தான் விரிந்தது. டீட்டர் உக்டார்ஃப் 1940இல், இன்று செக் குடியரசில் உள்ள ஆஸ்திராவாவில் பிறந்த ஜெர்மானியர். போர்க்காலத்தில் ஒருமுறை, கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே ஒருமுறை என்று சிறுவயதிலேயே இருமுறை அகதியானவர். பிறகு லுஃப்தான்சாவில் விமானியாகித் தலைமை விமானி வரை உயர்ந்தார், 2004இல் அப்போஸ்தலர். 2018இல் பிரேசில் நாட்டுக் கணக்காளர் உலிசஸ் சோரெஸும், சீன வம்சாவளி அமெரிக்கரான கெரிட் காங்கும் ஒன்றாக வந்தார்கள். காங் முன்பு அமெரிக்க வெளியுறவுத் துறையில் பணியாற்றியவர்.

இனி தமிழுக்கு வருவோம். 'பிஷப்' ஏன் தவறு? மார்மன் சபையில் அந்தப் பெயரிலும் ஒரு பதவி இருக்கிறது, ஆனால் அது மிகவும் கீழே உள்ள பதவி. ஒரு வட்டாரச் சபையைச் சம்பளமில்லாமல், சில ஆண்டுகளுக்கு மட்டும் நடத்தும் சாதாரண உறுப்பினர்தான் பிஷப். பகலில் அவர் கடையிலோ அலுவலகத்திலோ தன் வேலையைப் பார்ப்பார். பின்னாளில் சபைத் தலைவரான தாமஸ் மான்சன் இருபத்திரண்டு வயதிலேயே பிஷப் ஆகிவிட்டார். அவர் அப்போஸ்தலர் ஆனது 1963இல், முப்பத்தாறு வயதில். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் அவ்வளவு இளம் வயதில் அந்தச் சபையில் யாரும் அப்போஸ்தலர் ஆனதில்லை. எனவே ஓக்ஸையோ உக்டார்ஃபையோ பேராயர் என்று எழுதினால் கத்தோலிக்க அமைப்பு ஒன்றை இவர்கள் மேல் ஏற்றிவிடுகிறோம்.

புராட்டஸ்டன்ட் தமிழில் அப்போஸ்தலர் என்ற ஒலிபெயர்ப்பே நிலைத்துவிட்டது. கத்தோலிக்கர் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலிருந்து திருத்தூதர் என்கிறார்கள். 'அப்போஸ்தலருடைய நடபடிகள்' என்ற நூலும் அங்கே 'திருத்தூதர் பணிகள்' ஆயிற்று. எனக்குத் திருத்தூதர்தான் சரியான இணை. தூது வடமொழியோடு உறவுள்ள சொல்தான் என்றாலும், தமிழில் அது ஆழமாக வேரூன்றியது. தொல்காப்பியம் தலைவன் பிரிந்து போவதற்கான காரணங்களில் தூதையும் வைக்கிறது. திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. பிரிந்து செல்வதும் பிறர் சொல்லைச் சுமந்து செல்வதும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. கிரேக்கச் சொல்லும் கேட்பது அதைத்தான். மார்மன் சபையே தன் தமிழ் வெளியீடுகளில் அப்போஸ்தலர் என்று எழுதுவதால், பதவிப் பெயராக வரும் இடத்தில் அதையே வைத்து, முதல்முறை வரும்போது திருத்தூதர் என்று பொருள் சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், 'எல்டர்' என்ற அடைமொழி. அப்போஸ்தலர்களின் பெயருக்கு முன்னால் அது வரும். தமிழில் மூப்பர் என்று எழுதலாம், வேதாகமத் தமிழில் உள்ள சொல்தான். அதை மட்டும் வைத்து ஒருவரைப் பெரிய தலைவர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சட்டையில் பெயர்ப் பட்டையோடு ஊழியத்துக்குப் போகும் பதினெட்டு வயது மார்மன் இளைஞனையும் அந்தச் சபை எல்டர் என்றே அழைக்கிறது.