செல் வேறுபாடா, வேறுபாடுறுதலா?

தருமபுரியில் பட்டுப்புழு வளர்ப்போருக்கு நடந்த ஒரு கூட்டம். ‘இன்சுலின் சமிக்ஞை செல் வேறுபாட்டு நேரத்தை மாற்றுகிறது’ என்றார் பேச வந்தவர். பட்டுப்புழுவின் மூளையிலேயே பாம்பிக்சின் என்ற இன்சுலின் வகைப் பொருள் சுரக்கிறது என்பதால் பேச்சு இடத்துக்குப் பொருத்தமானதுதான். ஆனால் முன்வரிசையில் இருந்த விவசாயி கேட்டார்: ‘எதுக்கும் எதுக்கும் வேறுபாடுங்க?’ நியாயமான கேள்வி. கருத்தரங்கு, பாடக்குறிப்பு என்று எங்கே போனாலும் இந்தச் ‘செல் வேறுபாடு’தான்.

இப்படித் தமிழாக்கப்படும் டிஃபரன்ஷியேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். பிரித்துக் கொண்டுபோவது என்று பொருள். உயிரியலில், ஒன்றுபோலத் தொடங்கும் கருச் செல்களில் சில நரம்பாகவும் சில தசையாகவும் ஆகித் தத்தம் வேலையை ஏற்பதைக் குறிக்கும்.

‘வேறுபடு’ என்பது நீண்டு ‘வேறுபாடு’ ஆனது, முதனிலை திரிந்த தொழிற்பெயர், ஆகவே நிகழ்வையும் குறிக்கும் என்பார்கள். இலக்கணம் சரி. வழக்கு? கருத்து வேறுபாடு, பட்டுக்கூட்டின் விலையில் வேறுபாடு என்கிறோம். எங்கேயும் இரண்டை எதிரெதிரே வைத்து ஒப்பிடுகிறோம். செல் ஒன்று தானாகப் பக்குவப்படுவது அதில் துளியும் தெரியவில்லை. வினையாக்கிப் பாருங்கள்: ‘செல்கள் தாமதமாக வேறுபட்டன.’ யாரோடு வேறுபட்டன?

காலத்தைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் மோசம். பழ ஈயின் கண்ணில் இன்சுலின் ஏற்பி வழித்தடத்தை, அதாவது இன்சுலின் சமிக்ஞை செல்லுக்குள் போகும் பாதையை, ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வந்தது. சமிக்ஞை கூடினால் ஒளியுணர் நரம்புச் செல்கள் முந்தியே உருவாகின்றன, குறைந்தால் பிந்துகின்றன. எந்தச் செல் எதுவாக ஆக வேண்டும் என்பது மட்டும் மாறுவதில்லை. கிருஷ்ணகிரி மாந்தோட்டத்தில் பெங்களூரா முந்திப் பழுத்தாலும் பிந்திப் பழுத்தாலும் பெங்களூராதான், செந்தூரா ஆகிவிடாது. இந்த அருமையான முடிவு தமிழில் எப்படி வருகிறது? ‘செல் வேறுபாட்டு நேரத்தில் வேறுபாடு ஏற்படுகிறது.’ படிப்பவருக்கு என்ன புரியும்?

‘வகைப்படுத்தல்’ என்று எழுதுவோரும் உண்டு. அது இன்னும் தவறு. வகைப்படுத்துபவர் வெளியே நிற்கும் ஆள். செல்லை யாரும் பிரித்து அடுக்கவில்லை.

‘வேறுபாடுறுதல்’ என்பதே என் தேர்வு. ‘உறு’ சேர்ந்ததும் ஒரு நிலையை அடைவது தெரிகிறது. அப்புறம், வினையாக எல்லாக் காலத்திலும் நடக்கிறது: வேறுபாடுறுகிறது, வேறுபாடுற்றது, வேறுபாடுறாத செல். சற்று நீளம்தான், இருக்கட்டும். செல்லைக் ‘கண்ணறை’ ஆக்கினால்தான் தமிழ் என்று நான் சண்டைக்கு வரவில்லை. செல் எல்லோருக்கும் புரிகிறது. தெளிவு கெடும் இடத்தில்தான் கோபம் வருகிறது.

அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்கிறார்கள். கணக்கில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு ‘வகையிடல்’ என்று தனிச்சொல் வைத்தவர்கள் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து வைத்தார்கள். செல்லுக்குள் நடப்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால், அந்த விவசாயிக்குத் தரும் துண்டறிக்கையில் ‘செல்கள் எப்போது வேறுபாடுறும் என்பதை இன்சுலின் மாற்றுகிறது’ என்றே அச்சிடலாம்.