ஏற்காட்டுக் காட்டில் மாடு மேய்க்க: படிவம் பி மட்டும் போதாது

சேர்வராயன் மலையின் மேல்தட்டில் பெரும்பாலும் காப்பித் தோட்டம். மாட்டை ஓட்டிப்போக மிஞ்சுவது சரிவுக் காடுதான், அதுவும் காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி அனுமதியில்லாமல் அங்கே மேய்ப்பது குற்றம். ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே சொல்கிறது. 13.12.2005-க்கு முன்பிருந்தே காட்டை நம்பி வாழும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைவாழ் மக்கள்) இதைக் கேட்கலாம். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்ட வேண்டும்.

2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்கே தடை போட்டது நினைவிருக்கும். பிறகு அது புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கப்பட்டது. சேர்வராயன் காடு இவை எதிலும் வராது.

சரி, எப்படிக் கேட்பது? மனுக்களை வாங்கிச் சரிபார்க்க, கிராம சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். மேய்ச்சல் போன்ற சமூக உரிமையைக் கேட்கும் மனுதான் படிவம் பி. குறைந்தது இரண்டு சான்று வேண்டும். பழைய ரசீது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்: உரிமை கேட்காத பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதி வாங்கினால் அது ஒரு சான்று. மேய்ச்சல் தரை, பட்டி போட்ட மேடு, மாடு தண்ணி குடிக்கும் சுனை, சாமி மரம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துக் காட்டலாம்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் படிவம் சி-தான் முக்கியம். காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமை அதில்தான் வருகிறது. அது கிடைத்தால், எந்தச் சரிவில் எப்போது மேய்ப்பது என்று கிராம சபைக் குழுவே திட்டம் எழுதலாம். வனத்துறையின் செயல்திட்டத்தோடு தேவையான மாற்றங்களுடன் அதை இணைக்கலாம் என்று 2012 திருத்த விதிகள் சொல்கின்றன. திட்டம் என்றால் பெரிய கணக்கு வழக்கெல்லாம் இல்லை. ஊரில் எத்தனை மாடு, எத்தனை ஆடு என்று எழுதுங்கள். முதல் மழைக்கு முளைத்த புல் விதை விடும்வரை ஒரு சரிவை மூடி வையுங்கள். உண்ணிச்செடி புல்லை விழுங்கிக்கொண்டே வருகிறது, அதை வெட்டும் நாளையும் குறியுங்கள். அப்புறம் வருடா வருடம் ஒரே பாறையில் நின்று, ஒரே மாதத்தில், போனில் ஒரு படம் எடுங்கள். புல் கூடுகிறதா குறைகிறதா என்று அடுத்த கூட்டத்தில் வாய்ச்சண்டை இருக்காது.

கிராம சபை தீர்மானத்துக்குப் பின் மனு கோட்ட அளவிலான குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். கோட்டக் குழு தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம்.