தகைவு அரிமான விரிசல்

இழுவிசைக்கு ஆளான உலோகம் அரிக்கும் சூழலில் விரிசல் விடுவதை ஸ்ட்ரெஸ் கரோஷன் கிராக்கிங் என்பார்கள். அதைச் சிலர் ‘துரு விரிசல்’ என்று எழுதுகிறார்கள். சுலபமான சொல்தான், ஆனால் தவறு. துரு இரும்புக்கும் எஃகுக்கும் உரியது. இந்த விரிசலோ பித்தளையிலும் அலுமினியக் கலவையிலும்கூட வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மேற்பரப்பு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மயிரிழையாய்க் கிளைவிட்டு ஓடும்.

கரோஷன் என்பதன் லத்தீன் வேருக்குக் கொறிப்பது என்று பொருள். நாமும் கரையான் அரிக்கிறது என்கிறோம். அந்த வினையில் பிறந்த ‘அரிமானம்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பாடநூல்கள் தரும் சொல் ‘தகைவு’. தகைத்தல் என்றால் தடுத்து நிறுத்துதல். வெளிவிசையை எதிர்த்துப் பொருளுக்குள் எழும் விசை, ஓரலகுப் பரப்புக்கு எவ்வளவு என்பதே தகைவு. இதை ‘அழுத்தம்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். இழுவிசைதான் இந்த விரிசலைத் திறக்கிறது, அமுக்கு விசை அதை மூடவே பார்க்கும். மேற்பரப்பைச் சிறு குண்டுகளால் அடித்து அமுக்குத் தகைவை ஏற்றிவைப்பதும் அதனால்தான்.

இதன் பழைய பெயர்களில் ஒன்று ‘சீசன் கிராக்கிங்’. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் சுடாமலே விரிசல் விட்டிருந்தன. காரணம் 1921-இல்தான் விளங்கியது: குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, அப்புறம் உறையைக் குளிர்நிலையில் இழுத்துச் செய்தபோது உள்ளே தங்கிய தகைவு. ஆக, மேலே பாரம் ஏதும் இருக்க வேண்டுமென்பதில்லை. செய்முறையில் தங்கிய தகைவே போதும். அதற்கு இடங்கொடுக்கும் உலோகமும் தோதான சூழலும் சேர வேண்டும், அவ்வளவே.

அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின் மேல் 1928-இல் திறந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று விழுந்து 46 பேர் இறந்தார்கள். உயர்வலு எஃகுச் சட்டம் ஒன்றின் துளையோரத்தில் சுமார் 2.5 மி.மீ. ஆழ விரிசல். தகைவு அரிமானமும் அரிமானக் களைப்பும் (அரிக்கும் சூழலில் பாரம் ஏறியிறங்கி உலோகம் சோர்வது) சேர்ந்து அதை வளர்த்திருந்தன. இணைப்பைக் கழற்றாமல் அதைப் பார்க்க வழியில்லை. பாலத்தைத் தாங்கிய சங்கிலியில் ஒரு கண்ணிக்கு இரண்டே சட்டங்கள் என்பதால் ஒன்று முறிந்ததும் மற்றது தாங்கவில்லை.

வலு கூடக்கூட இந்த ஆபத்தும் பொதுவாகக் கூடும். 7075 அலுமினியக் கலவையை வலு மிகுந்த டி6 நிலையிலிருந்து, இந்த விரிசலைத் தாங்கும் டி73 நிலைக்கு வெப்பத்தால் பதப்படுத்தும்போது வலுவில் 10 முதல் 15 சதவீதம் போய்விடும். விமானப் பாகங்களில் அந்த இழப்பைத் தெரிந்தேதான் ஏற்கிறார்கள்.