ட்ரையாஜ்: தரம்பிரித்தலா, முன்னுரிமைப் பகுப்பா?

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் ஒரு வேன் கவிழ்ந்து பன்னிரண்டு பேர் காயமுற்றுக் கிடக்க, வந்து நிற்பதோ ஒரே ஒரு 108 ஊர்தி என்று வைத்துக்கொள்வோம். ஓடி வந்தவர்கள் முதலில் கேட்பது, “யாரை முதல்ல ஏத்துறது?” என்பதுதான். இக்கேள்விக்கு முறைப்படி விடை காணும் செயலையே மீட்புப் பணியாளர்கள் ‘ட்ரையாஜ்’ என்கின்றனர்.

இதன் வேர், பொறுக்கிப் பிரித்தலைக் குறிக்கும் ‘த்ரியே’ என்ற பிரெஞ்சு வினை. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இச்சொல் கம்பளி மயிரைப் பிரிப்பதைத்தான் குறித்தது. பின்னர் காப்பிக் கொட்டையில் உடைந்து கழிந்தவற்றுக்கும் பெயராயிற்று. நம் வீட்டு வளவில் காயப்போட்ட மிளகாயில் ஆச்சிமார் சோடையைப் பொறுக்குவதும் இதே வேலைதான். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை வரிசையை அமைத்தார் என்றாலும், இச்சொல் மருத்துவத்தில் நிலைபெற்றது முதல் உலகப் போர்க் காலத்தில்தான்.

இதைத் தமிழில் ‘தரம்பிரித்தல்’ என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. மிளகாயில் நல்லது முதலில் கைக்கு வரும். இங்கோ, பிழைக்க வாய்ப்புள்ளவர்களுள் மிக மோசமான நிலையில் இருப்பவரே முதலில் தூக்கப்படுகிறார். மேலும், ‘தரம்’ என்பது ஆளின் மதிப்பைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. ஆகவே ‘முன்னுரிமைப் பகுப்பு’ என்பதே பொருந்தும்.

காயமுற்றவர்களுக்கு நிறக் குறியிட்டுப் பகுக்க 1983இல் கலிபோர்னியாவில் உருவான எளிய முறையொன்று இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. தானே நடக்க முடிந்தவருக்குப் பச்சை. நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்குபவருக்கும், சொன்னதைச் செய்ய இயலாதவருக்கும் சிவப்பு. சற்றே காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள். மூச்சுவழியைத் திறந்தும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற பகுதிகளைக் காணலாம்.

மீட்புத் திட்டம் இந்த நிறக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. சிவப்பு மூன்று என்று தெரிந்தால்தான் இன்னும் எத்தனை ஊர்திகள் வேண்டும், யாரைக் காரைக்குடியிலேயே சேர்க்கலாம், யாரைச் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய இயலும். மஞ்சள் குறியிட்டவர் கால்மணி நேரத்தில் சிவப்பாகவும் கூடும் என்பதால், ஊர்தி திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் பகுப்பை மீண்டும் செய்ய வேண்டும். அதற்கு ‘மறுபகுப்பு’ என்ற சொல் போதும்.